மாட் போட்ட ஆட்டம்: லாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. யானைக்கவுனியில் எங்கள் சந்து முனையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது எதிர்வீட்டு அக்கா நிறுத்தினாங்க.

"தம்பி, நீ கம்ப்யூட்டர் வேலதான பாக்கற? எம்பையன் ராத்திரி ஒரு மணி வரிக்கும் போன்ல பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிச்சுகினு இருக்கான். கேட்டா 'மாட்' பண்றேன்றான். அதுல எதுனா பிரயோஜனம் இருக்கா, இல்ல சும்மா கண்ணுதான் கெடுதா?"

பையன் ஒன்பதாவது படிக்கிறான். போனை வாங்கிப் பார்த்தேன். ஆட்டம் 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா'. மாலியோ என்ற இந்தோனேசிய நிறுவனம் 2017-ல் வெளியிட்ட மொபைல் கேம். அவங்க ஊர் ரோட்டில் அவங்க ஊர் பஸ் ஓட்டுவதற்காகச் செய்தது. ஆனால் வண்டிக்கு மேல் நாமே வரைந்த தோலைப் போர்த்தலாம், நாமே செய்த வண்டியையும் உள்ளே ஏற்றலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள். கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் ஒரு பெரிய பட்டாளமே அந்த வாசலுக்குள் புகுந்துவிட்டது. இந்தப் பையனின் பஸ் நம்ம மாநகரப் பேருந்து. முன்கண்ணாடிக்கு மேல் பலகையில் 'திருவொற்றியூர்' என்று தமிழில் எழுதியிருந்தான். இந்தோனேசியச் சாலையில் திருவொற்றியூர் பஸ் போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பழைய ஞாபகம் ஒன்றும் வந்தது.

"யோசிச்சு சொல்றேன்க்கா" என்றேன். அந்த யோசனைதான் இந்தக் குறிப்பு.

மாட் என்றால் என்ன?

'மாடிஃபிகேஷன்' என்பதன் சுருக்கம். ஒரு நிறுவனம் செய்து விற்ற வீடியோ கேமை, அந்த நிறுவனத்தில் சம்பளம் வாங்காத ஆட்கள் மாற்றி அமைப்பது. மாற்றம் சின்னதாக இருக்கலாம், சட்டை கலர் மாதிரி. பெரிதாகவும் இருக்கலாம், பழைய ஆட்டத்தின் எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு புது ஆட்டமே செய்வது மாதிரி.

தெருவில் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 'ஒன் பிட்ச் ஒன் ஹேண்ட்' பிடித்தால் அவுட். மாடி வீட்டுக் காம்பவுண்டுக்குள் நேராக விழுந்தால் அவுட், ஏன்னா அந்த வீட்டுத் தாத்தா பந்தைத் தரமாட்டார். முதல் பந்து ட்ரையல் பால். ஆள் குறைந்தால் ஒருத்தன் ரெண்டு டீமுக்கும் ஆடுவான். இதெல்லாம் லார்ட்ஸில் எழுதிய சட்டமா? இல்லை. எட்டடிச் சந்துக்கு ஏற்றபடி நாம் போட்ட மாட். அதைப் போடாவிட்டால் அந்தச் சந்தில் ஆட்டமே கிடையாது.

வீடியோ கேமில் ஒரு வித்தியாசம் உண்டு. கிரிக்கெட்டின் விதியை மாற்ற யாரிடமும் சாவி வாங்க வேண்டாம். கேமுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார், பூட்டும் இருக்கிறது. 1993-ல் 'டூம்' கேமை வெளியிட்ட இட் சாஃப்ட்வேர், ஆட்டத்தை ஓட்டும் நிரலையும் அதில் வரும் சுவர், பேய், துப்பாக்கி போன்ற சரக்கையும் தனித்தனி ஃபைல்களாக வைத்தது. நிரலைத் தொடாமலேயே சரக்கை மாற்ற முடிந்தது. உலகம் முழுக்க ஆட்கள் புதுப்புது களங்களைச் செய்து குவித்தார்கள். ஆனால் அவை இலவச மாதிரிப் பதிப்பில் ஓடாது, காசு கொடுத்து வாங்கிய பதிப்பில்தான் ஓடும். வாசலைத் திறந்துவிட்டால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் டிக்கெட்டும் விற்கும் என்று ஒரு கம்பெனி கண்டுகொண்ட இடம் அது.

எங்கள் ஊர்ப் பெயரே ஒரு வாசலின் பெயர்தான். 'கவுனி' என்றால் கோட்டை வாசல். 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஹைதர் அலிக்கும் பயந்து கிழக்கிந்தியக் கம்பெனி கறுப்பர் நகரத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பியது. அதில் இருந்த வாசல்களில் ஒன்று யானைக்கவுனி. சுவர் கட்டிய செலவை உள்ளே குடியிருப்பவர்களிடம் வரியாக வாங்கலாம் என்று கம்பெனி நினைத்தது. வரி வசூலாகவே இல்லை. வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. சுவரும் போய்விட்டது, ராயபுரம் பக்கம் மாடிப் பூங்காவில் ஒரு துண்டு நிற்கிறது. சுவர் ஒருத்தருடையது, உள்ளே வாழ்க்கை இன்னொருத்தருடையது, வாசலைத் திறப்பதும் மூடுவதும் யார் என்பதுதான் சண்டை. மாட் விவகாரமும் கிட்டத்தட்ட இதேதான்.

கம்பெனி கைவிட்ட ஆட்டம்

இந்தியாவில் மாட் என்ற சொல்லைக் கேட்காதவர்கள்கூட ஒரு மாட் ஆடியிருப்பார்கள். ஈஏ ஸ்போர்ட்ஸ் வெளியிட்ட 'கிரிக்கெட் 07'தான் அது.

கனடாவின் எச்பி ஸ்டூடியோஸ் செய்து, 2006 நவம்பரில் வெளிவந்த கேம். ஆஷஸ் தொடரை ஒட்டி வந்ததால் அட்டையில் ஆண்ட்ரூ ஃபிளின்டாஃப். வர்ணனை மார்க் நிக்கலஸ், ரிச்சி பெனோ. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் முறையான உரிமம் இருந்தது. இந்திய அணிக்கு இல்லை. அதனால் நம்ம ஆட்களின் பெயர்களை எழுத்து மாற்றி வைத்திருந்தார்கள். டெண்டுல்கர் மாதிரி ஒருத்தர் ஆடுவார், பெயர் மட்டும் டெண்டுல்கராக இருக்காது.

அதற்குப் பிறகு ஈஏ தன் கிரிக்கெட் வரிசையில் புது கேம் எதையும் கொண்டுவரவில்லை. கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஒன்றரை வருஷத்தில், 2008 ஏப்ரலில், ஐபிஎல் ஆரம்பித்தது. அதாவது சென்னை சூப்பர் கிங்ஸ் என்ற ஒரு அணி பிறப்பதற்கு முன்பே அந்த கேம் முடிந்துபோனது. கம்பெனியை நம்பியிருந்தால் அந்த ஆட்டத்தில் மஞ்சள் சட்டை வந்திருக்கவே முடியாது.

வந்தது. பிளானட் கிரிக்கெட் போன்ற இணைய மன்றங்களில் கூடிய ஆட்கள் அந்த கேமைப் பிரித்துப் போட்டார்கள். 'பிக்' என்ற மூட்டை ஃபைலுக்குள் 'எஃப்எஸ்எச்' என்ற பட ஃபைல்கள் இருந்தன. சட்டை, பேட், முகம், மைதானத்து விளம்பரப் பலகை எல்லாம் அந்தப் படங்கள்தான். அவற்றை வெளியே எடுத்து, மேலே வேறு வரைந்து, திரும்ப உள்ளே வைத்தால் ஆட்டம் புதுசாகிவிடும். அணிப் பட்டியல் தனி ஃபைல். அதில் பெயரையும் திறமைப் புள்ளிகளையும் மாற்றலாம். ஒவ்வொரு ஐபிஎல் சீசனுக்கும், ஒவ்வொரு உலகக் கோப்பைக்கும் புது 'பேட்ச்' வந்துகொண்டே இருந்தது. ரிச்சி பெனோ 2015 ஏப்ரலில் காலமானார். அவர் குரல் அதற்குப் பிறகும், அவர் பார்த்தேயிராத பையன்களின் ஆட்டத்துக்கு வர்ணனை சொல்லிக்கொண்டே இருந்தது.

மாட்டின் நன்மை எது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். எதை எத்தனை வருஷம் ஆடலாம், யார் பெயரில் ஆடலாம் என்ற முடிவு விற்றவர் கையிலிருந்து ஆடுபவர் கைக்கு வருகிறது. 2016, 2017 ரெண்டு சீசனும் சென்னை அணி தடையில் இருந்ததே, அப்போதும் எங்கள் வீட்டில் சென்னை ஆடிக்கொண்டுதான் இருந்தது.

தம்பி செய்த சேப்பாக்கம்

அந்த மஞ்சள் சட்டையை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் வரைந்தது என் சித்தப்பா பையன். 2011-ல் அவன் பதினொன்றாவது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர். பள்ளி விட்டு வந்ததும் உட்கார்ந்தால் ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பான். முதலில் அணிப் பட்டியல், அப்புறம் சட்டை, கடைசியில் சேப்பாக்கம் மைதானம். அந்த வருஷம்தான் சேப்பாக்கத்தைப் புதுப்பித்து, கூடாரம் மாதிரி கூரை போட்டிருந்தார்கள். பேப்பரில் வந்த போட்டோக்களை வைத்து அந்தக் கூரையை வரைந்தான். நிஜ மைதானத்தில் ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் பிறகு பல வருஷம் பூட்டிக் கிடந்தன. இவன் சேப்பாக்கத்தில் அங்கேயும் ஜனம் உட்கார்ந்திருக்கும்.

விளையாட்டாக இன்னொன்றும் செய்தான். லாங் ஆன் பக்கம் விளம்பரப் பலகைகளுக்கு நடுவே எங்கள் தெரு டீக்கடைக்கு ஒரு பலகை வைத்தான். சிக்ஸ் அடித்தால் பந்து டீக்கடை போர்டுக்கு மேலே பறக்கும். அந்த டீக்கடை அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டியபோது, அன்றைக்கு எல்லாருக்கும் டீ ஃப்ரீ.

பேட்ச் முடிந்ததும் ஒரு ஃபைல் தளத்தில் ஏற்றினான். கூடவே 'ரீட்மீ' என்று ஒரு குறிப்பு: யார் செய்தது, எப்படிப் போடுவது, காசுக்கு விற்காதீர்கள். நிறைய பேர் இறக்கினார்கள். எங்கிருந்தோ ஒருத்தர் நன்றி சொல்லி எழுதியிருந்ததை வீட்டில் எல்லாரிடமும் காட்டினான்.

அடுத்த வருஷம் இருவரும் ஒரு கடையில் டிவிடி அடுக்கைத் துழாவிக்கொண்டிருந்தோம். 'கிரிக்கெட், ஐபிஎல் ஸ்பெஷல்' என்று ஒரு டிவிடி. ஐம்பது ரூபாய். வாங்கி வந்து போட்டோம். சட்டை பழகிய சட்டையாக இருந்தது. மைதானம் வந்தது, கூரை வந்தது. முதல் சிக்ஸ் அடித்ததும் லாங் ஆனில் எங்கள் டீக்கடை போர்டு.

ரீட்மீ ஃபைலைத் திறந்தோம். தம்பியின் பெயர் இல்லை. வேறு யாரோ ஒருத்தர் பெயர். கீழே ஒரு போன் நம்பர்.

"ணா, இத நாந்தான செஞ்சேன்?" என்று கேட்டான். ஒரு நிமிஷம் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது போல இருந்தது.

மறுநாள் போய்க் கடைக்காரரிடம் கேட்டோம். "பாம்பேலேருந்து பண்டலா வருது தம்பி, எனக்கு இன்னா தெரியும்" என்றார். அதுவும் உண்மையாகத்தான் இருக்கும்.

கதை இத்தோடு முடியவில்லை. கொஞ்ச நாளில் அவன் ஏற்றி வைத்திருந்த ஃபைல் தளமே மூடப்பட்டது. 2013-ல் வீட்டு ஹார்ட் டிஸ்க் போச்சு. வேறு எங்கும் பேக்கப் எடுக்கவில்லை. அவன் ஒரு வருஷ உழைப்பில் இன்றைக்கு மிச்சம் இருப்பது அந்த ஐம்பது ரூபாய் டிவிடி ஒன்றுதான். பெயரைத் திருடியவன் போட்ட நகலால்தான் வேலை பிழைத்தது. இதை நல்லது பக்கம் எழுதுவதா, கெட்டது பக்கம் எழுதுவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மூன்று தட்டு

'மாட் நல்லதா கெட்டதா' என்று ரெண்டு பக்கம் பட்டியல் போடும் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. அந்தக் கணக்கு சரியாக வராது என்பது என் எண்ணம். லாபம் வரும் பாக்கெட் வேறு, நட்டம் போகும் பாக்கெட் வேறு. தராசில் தட்டு ரெண்டு இல்லை, மூன்று: ஆடுபவர், கம்பெனி, மாட் செய்பவர்.

*ஆடுபவர்.* இவருக்கு வரவு அதிகம். பழைய கேம் புதுசாகிறது, அந்நிய கேம் நம்ம ஊராகிறது. மொழியும் இப்படி வரலாம். 'மைன்கிராஃப்ட்' கேமின் மெனுவில் தமிழைத் தேர்ந்தெடுக்க முடியும். அது மாட் இல்லை, கம்பெனியே திறந்துவிட்ட ஏற்பாடு. ஆனால் அந்தத் தமிழும் ஆர்வலர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்ததுதான்.

இவருக்கு உள்ள முதல் ஆபத்து வைரஸ். மாட் என்பது யாரோ முகம் தெரியாதவர் எழுதியதை நம் கம்ப்யூட்டருக்குள் விடுவது. 2015 மே மாதம் ஜிடிஏ 5 கேமுக்கு வந்த 'ஆங்கிரி பிளேன்ஸ்' என்ற மாட்டுக்குள், நாம் தட்டும் எழுத்துகளைத் திருடும் நிரல் ஒளிந்திருந்தது. 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் மாட்களை வைத்திருக்கும் பெரிய தளமான கர்ஸ்ஃபோர்ஜிலேயே 'ஃப்ராக்சரைசர்' என்ற வைரஸ் புகுந்தது. நல்ல பெயர் எடுத்த மாட்காரர்களின் கணக்குகள் வழியாகவே அது பரவியது. ஆக, 'தெரிந்த தளம்' என்பது மட்டும் போதாது. மொபைலில் இன்னும் மோசம். மாட் என்ற பெயரில் ஏபிகே ஃபைலையே இறக்கச் சொன்னால் அது பெரும்பாலும் மாட் இல்லை, முழு ஆப்பையே உடைத்துத் திரும்ப ஒட்டியது. அதற்குள் என்ன இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, கம்பெனி கேமைப் புதுப்பித்தால் மாட் உடையும். 2024 ஏப்ரலில் பெதஸ்டா 'ஃபால்அவுட் 4' கேமுக்கு ஒரு பெரிய அப்டேட் விட்டது. அதே மாதம் வெளிவர இருந்த 'ஃபால்அவுட் லண்டன்' என்ற பிரம்மாண்ட மாட் அதனால் ஜூலை வரை தள்ளிப்போனது. வருஷக்கணக்கில் உழைத்தவர்கள், அடுத்தவர் அப்டேட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதானது. மூன்றாவது, ஆன்லைன் ஆட்டம். தனியாக ஆடும்போது சட்டத்தை மாற்றினால் அது உங்கள் சுகம். பத்து பேர் சேர்ந்து ஆடும்போது நீங்கள் மட்டும் சுவருக்குள் பார்க்கிற கண்ணாடி போட்டால் அது மாட் இல்லை, மோசடி. கணக்கை முடக்கினால் குறை சொல்ல முடியாது.

*கம்பெனி.* இவருக்கு வரவு மிக அதிகம். மாட் செய்பவர் இலவச ஆராய்ச்சிப் பிரிவு மாதிரி. வால்வ் நிறுவனத்தின் 'ஹாஃப்-லைஃப்' 1998-ல் வந்தது. மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற ரெண்டு பேர் அதன்மேல் 1999-ல் செய்த மாட்தான் 'கவுண்டர் ஸ்ட்ரைக்'. நம்ம ஊர் பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையே மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து ஆடியதே, அதுதான். வால்வ் உரிமையை வாங்கிக்கொண்டு, அவர்களையும் வேலைக்கு எடுத்தது. 'டோட்டா'வும் பிளிசார்டின் 'வார்கிராஃப்ட் 3' மேல் ஆர்வலர்கள் செய்த மாட்டாகத்தான் பிறந்தது. ஆனால் அதன் அடுத்த பாகத்தை வெளியிட்டுச் சம்பாதித்தது போட்டிக் கம்பெனியான வால்வ். அந்தச் சூடு ஆறவில்லை போல. 2020-ல் 'வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்டு' வந்தபோது, அதில் யார் என்ன ஆட்டம் செய்தாலும் அது பிளிசார்டுக்கே சொந்தம் என்று விதிமுறை எழுதிவிட்டார்கள்.

செலவும் உண்டு. 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' கேமில் மறைத்து விட்டிருந்த ஆபாசக் காட்சியை 2005-ல் 'ஹாட் காஃபி' என்ற மாட் வெளியே கொண்டுவந்தது. அமெரிக்காவில் அந்த கேமின் வயது முத்திரையை உயர்த்தி 'பெரியவர்களுக்கு மட்டும்' ஆக்கினார்கள், பல கடைகள் அடுக்கிலிருந்தே எடுத்துவிட்டன. மாட் செய்தவர் செய்ததற்கு கம்பெனி பதில் சொல்ல வேண்டியிருந்தது. மாட் என்றாலே சில கம்பெனிகளுக்கு வயிற்றைக் கலக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

*மாட் செய்பவர்.* மூன்று பேரில் அதிகம் உழைப்பவர் இவர். எல்லா ஆபத்தும் கடைசியில் வந்து விழுவதும் இவர் தலையில்தான். வாசலை மூடினால் இவர் கதை முடிந்தது. 2017 ஜூனில் டேக்-டூ நிறுவனம், ஜிடிஏ மாட்களுக்கு அடிப்படையான 'ஓபன்ஐவி' என்ற கருவியை நிறுத்தச் சொல்லி வக்கீல் கடிதம் அனுப்பியது. ஆடுபவர்கள் கொந்தளித்து ஸ்டீம் தளத்தில் மோசமான மதிப்புரைகளை எழுதிக் குவித்தார்கள். சில நாட்களிலேயே கம்பெனி இறங்கி வந்தது. தனியாக ஆடும், காசு வாங்காத மாட்கள்மேல் பொதுவாக நடவடிக்கை எடுக்க மாட்டோம் என்று ராக்ஸ்டார் அறிவித்தது. நல்ல சேதிதான். ஆனால் 'பொதுவாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். அது உரிமை இல்லை, தயவு.

சம்பளம் கொடுத்தால் சரியாகிவிடுமா? 2015 ஏப்ரலில் வால்வும் பெதஸ்டாவும் அதை முயன்றன. 'ஸ்கைரிம்' மாட்களுக்கு விலை வைக்கலாம், விலையில் 25 சதவீதம் மாட் செய்தவருக்கு என்றார்கள். கால்வாசிதான் என்று ஒரு பக்கம் கோபம். இலவசமாக இருந்ததற்கு ஏன் காசு என்று இன்னொரு பக்கம் கோபம். அடுத்தவர் மாட்டை எடுத்துத் தன் பெயரில் விலை போடுகிறார்கள் என்று மூன்றாவது பக்கம் புகார். நாலு நாளில் திட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எங்கள் தம்பி டிவிடியில் நடந்தது உலகத்தின் பெரிய கடையிலேயே நடந்தது என்று பிறகு படித்தபோது ஒரு சின்ன ஆறுதல்.

பஸ் மாட் உலகத்தில் இதற்கு ஒரு நாட்டு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். ஃபைலுக்குப் பாஸ்வேர்ட் போட்டுவிட்டு, பாஸ்வேர்டை யூடியூப் வீடியோவின் நடுவில் எங்கேயோ வைப்பது. பார்ப்பவர்களுக்கு எரிச்சல்தான். ஆனால் உழைத்தவனுக்கு ரெண்டு 'வியூ' வரட்டுமே என்ற நியாயமும் அதில் இருக்கிறது.

சட்டம் யார் பக்கம்?

நான் வக்கீல் இல்லை. ஆனால் நம்ம நாட்டு 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். கணினி நிரலும் அதில் ஓர் 'இலக்கியப் படைப்பு'தான். அதை மாற்றி அமைக்கும் உரிமை சொந்தக்காரருக்கு. பிரிவு 52-ல் சில விதிவிலக்குகள் உண்டு: நாம் தனியாகச் செய்த நிரலை இன்னொரு நிரலோடு சேர்ந்து ஓட வைக்கத் தேவையான தகவல் வேறெங்கும் எளிதில் கிடைக்காவிட்டால், அதைப் பெறுவதற்கு வேண்டியதைச் செய்யலாம் என்று ஒன்று. ஆனால் நிரலை முறைப்படி வைத்திருப்பவருக்குத்தான் அந்தச் சலுகை. எங்கள் வீட்டு கிரிக்கெட் 07 முறைப்படி வந்ததா? இல்லைங்க. தெருவில் யார் வீட்டிலும் இல்லை. டிவிடி காரர் தம்பியைத் திருடினார் என்று குமுறிய நாங்களே திருட்டு சிடியில்தான் ஆடினோம் என்பதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

2012 திருத்தத்தில் வந்த பிரிவு 65ஏ, உரிமையை மீறும் எண்ணத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கியது. இன்னொரு பக்கம் பிரிவு 57 இருக்கிறது: படைப்பை விற்றுவிட்டாலும்கூட, 'இதைச் செய்தது நான்' என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே இருக்கும். படிக்கும்போது எனக்கு உடனே தம்பி ஞாபகம்தான் வந்தது. ஆனால் அவன் வரைந்த சட்டையில் இருந்த சிங்கம் அவன் சிங்கம் இல்லையே, அணியுடைய சின்னம். விளம்பரங்கள் ஏதோ கம்பெனிகளுடையவை. முழுக்க முழுக்க அவனுடையது என்று சொல்ல அந்த டீக்கடை போர்டுதான் இருந்தது.

மாட் இப்படித்தான். வாடகை வீட்டு மொட்டை மாடியில் போட்ட கொட்டகை மாதிரி. கீற்று நம்முடையது, உழைப்பு நம்முடையது, தளம் வீட்டுக்காரருடையது. கொட்டகையால் வீட்டுக்கே நிழல். ஆனால் காலி பண்ணச் சொன்னால் எதிர்த்துப் பேச நம்மிடம் பத்திரம் இல்லை.

அக்காவுக்குப் பதில்

பிரயோஜனம் உண்டா என்றால், உண்டு. தம்பி இப்போது ராயபுரத்தில் டி-ஷர்ட் பிரின்டிங் கடை வைத்திருக்கிறான். காசிமேட்டிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் தெரு டீம்கள் வந்து ஜெர்சி ஆர்டர் கொடுப்பார்கள். முதுகில் பெயர், நம்பர், நெஞ்சில் டீம் சின்னம். கேமுக்குள் சட்டை வரைந்தவன் இன்று நிஜச் சட்டை அடிக்கிறான். மாட் செய்த எல்லாருக்கும் இப்படி அமையும் என்று சொன்னால் அது பொய். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் அமையாது. ஆனால் ஒரு பொருளைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, கெடுத்து, திரும்பச் சரிசெய்து, முன்பின் தெரியாத ஒருத்தர் பயன்படுத்துகிற மாதிரி கொடுப்பது என்ற பழக்கம் எந்த வேலைக்கும் ஆகும். சும்மா ஆடுகிற பையனுக்கு அது வராது.

ஆக, ஆடுபவருக்கு லாபம். கம்பெனிக்குப் பெரிய லாபம். செய்பவருக்கு லாபம் கையில்தான் தங்குகிறது, பெயரிலும் பணத்திலும் தங்குவதில்லை. இதைத் தெரிந்துகொண்டு செய்தால் ஏமாற்றம் குறையும்.

அடுத்த ஞாயிறு அக்காவிடம் இதைச் சுருக்கமாகச் சொன்னேன். "செய்யட்டும்க்கா. பத்து மணிக்கு மேல போன வாங்கி வச்சுடுங்க. அது மாட் தப்பில்ல, தூக்கம் தப்பு." அக்கா அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பையனைத் தம்பி கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தம்பி அவன் பஸ்ஸை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் நாலு விஷயம் சொன்னான். ஒரிஜினல் ஃபைலை மூணு இடத்துல வை, அதுல ஒண்ணாவது வீட்டுக்கு வெளிய இருக்கட்டும். அடுத்தவன் மாடல எடுத்தா கேட்டு எடு, அவன் பேரப் போடு. காசுக்கு விக்காத, வித்தா கம்பெனிக்காரன் கதவச் சாத்தறதுக்கு நீயே காரணம் குடுத்த மாதிரி. ஏபிகேன்னு வந்தா தொடாத.

"அப்புறம் முக்கியமா ஒண்ணு. உன் பேர ரீட்மீல மட்டும் எழுதாத. ஒரே டிலீட்ல போயிடும். வண்டியிலயே எங்கனா வை. தேடினாதான் கிடைக்கணும்."

பையன் சிரித்துக்கொண்டே போனில் பஸ்ஸின் பின்பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். எமர்ஜென்சி கதவுக்குக் கீழே, அழுக்குக் கறை மாதிரி மங்கலாக, எங்கள் சந்தின் பெயர் ஏற்கெனவே இருந்தது.